பிரஸ் ஷாப் காதுகளுக்கு ஓர் ஆல்பம்

ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் தொழிற்சாலைக்குக் காது சோதனை வேன் வரும். அதன் பின்பகுதியில் ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய சிறு அறை, அதற்கு ஒரு கண்ணாடிச் சன்னல். ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் தந்திருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பிரஸ் ஷாப்பில் நான் சேர்ந்த வருடமே பக்கத்து மெஷின்காரர் வரிசையில் நின்றபடி என்னிடம் சொன்னார்: "காத நம்பாத. அந்தாளு கையப் பாரு. கை அசைஞ்சா அழுத்து."

கண்ணாடி வழியாகச் சோதனை செய்பவரின் மணிக்கட்டு தெரியும். அவர் விசையைத் தொட்டால் உள்ளே இருப்பவன் பொத்தானை அழுத்துவான். பிரஸ் ஷாப்பில் எல்லோரும் இப்படித்தான் தேறினோம். காது குறைவு என்று சீட்டில் வந்தால் மெஷினிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. இரும்புத் தகட்டை ஒரே அடியில் வடிவமாக்குகிறவனுக்கு அது பதவி இறக்கம்.

பதினேழு வருடம் பிரஸ்ஸில் இருந்தேன். ஒவ்வொரு வருடமும் சோதனை நாளன்று என் நாட்குறிப்பில் 'காது: நார்மல்' என்று எழுதியிருக்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் அளவுக்கருவி அறைக்கு மாற்றப்பட்டேன். மைக்ரோமீட்டர், வெர்னியர், கேஜ் எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, தேதியிட்டு, ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. குளிரூட்டப்பட்ட, சத்தமில்லாத அறை. அங்கே போன பிறகும் வேன் வந்தால் கையைத்தான் பார்த்தேன். பழக்கம்.

என் மனைவியின் தம்பி இன்னும் பிரஸ்ஸில்தான் இருக்கிறான். கிடார் வாசிப்பான். நான்கு வருடங்களுக்கு முன் அவன் ஒரு ராக் குழு தொடங்கினான். பாடுவது என் மகள். டிரம்ஸ் வாசிப்பவன் தளி என்ற ஊர்க்காரன். அங்கே ரோஜா வளர்க்கும் ஒரு பசுமைக்குடிலில் வேலை, வீட்டில் கன்னடம். பேஸ் கிடார் எங்கள் டிஸ்பாட்ச் பிரிவு ஆள். சனிக்கிழமை மாலை மூன்று முதல் ஆறு வரை எங்கள் மாதா கோயில் ஹாலில் ஒத்திகை. பங்குச்சாமி ஹால் சாவியை என் பொறுப்பில் விட்டிருந்ததால் நானும் போவேன். திறந்த நேரம், மூடிய நேரம், எந்தப் பாட்டை எத்தனை முறை வாசித்தார்கள் என்று குறித்துக்கொள்வேன்.

எட்டுப் பாட்டின் மெட்டும் எனக்கு மனப்பாடம். வரிகள் மட்டும் தெரியாது. மகளின் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. ராக் என்றால் அப்படித்தான் இருக்கும், கிடார் சத்தத்தில் சொற்கள் அமுங்கிப்போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டுகளைப் பதிவு செய்து முடித்ததும் மச்சான் அவற்றைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும், குரல் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை மூன்று மாதம் உட்கார்ந்து சரிசெய்தான். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு ஹெட்போனோடு உட்கார்ந்துவிடுவான். எட்டுப் பாட்டு, மொத்தம் முப்பத்து நான்கு நிமிடம். அதுதான் அவர்களுடைய முதல் ஆல்பம்.

முதன்முதலில் அதை எங்கள் காரில் கேட்டோம். ஞாயிறு பூசை முடிந்து கெலவரப்பள்ளி அணைப்பக்கம் மீன் சாப்பிடக் கிளம்பியிருந்தோம். நான் ஓட்டினேன், மச்சான் பக்கத்தில், பின்னால் மனைவியும் மகளும். முதல் பாட்டு ஒரு நிமிடம் ஓடுவதற்குள் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடா இது, பல்லு கூசுது. சவுண்டக் கொற."

"அக்கா, நீ கோயில் பாட்டுக் கேக்கற ஆளு. இது ராக்கு."

"ராக்கோ கீக்கோ, அவ 'ச'ன்னு சொல்றப்ப எல்லாம் தோச ஊத்துற மாதிரி சொய்யுங்குது."

"மாமா, நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. 'க', 'ச', 'த' எல்லாம் விளிம்போடு வந்தன. என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்வதுபோல இருந்தது.

நான்காவது பாட்டு அவளே எழுதியது. அது ஒத்திகையில் நூறு முறையாவது வாசிக்கப்பட்டிருக்கும். அதன் வரிகளை அன்றுதான் அறிந்தேன்.

*மழை வருமா என்றேன், ம் என்றாய்.*
*மாவு தீர்ந்தது என்றேன், ம் என்றாய்.*
*வேலையை விடட்டுமா என்றேன்,*
*நீ நிமிரவில்லை, ம் என்றாய்.*

"இதை இன்னொரு தடவ போடு," என்றேன். மச்சான் போட்டான். கண்ணாடியில் மகள் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"என்னப்பா, புடிச்சிருக்கா?"

"ம்," என்றேன்.

பின்சீட்டில் அம்மாவும் மகளும் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாகவே கேட்டது.

வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பை எடுத்தேன். மகள் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தாள். திடீரென்று விட்டுவிட்டாள். அன்றைய பக்கத்தில் நான் எழுதியிருந்தது: 'மகள் வேலையை விட்டுவிட்டாள். யாரையும் கேட்கவில்லை.' அன்று நான் சத்தம் போட்டதும், அவள் "உங்களத்தானே கேட்டேன், நீங்க 'ம்'னுதானே தலையாட்டினீங்க" என்று அழுததும் நினைவிருக்கிறது. அதை நான் எழுதவில்லை. சமாளிப்பதற்காகச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஆல்பத்தை வெளியிடும் முன் கடைசித் திருத்தத்துக்காக பெங்களூரில் ஒரு ஸ்டுடியோக்காரருக்கு அனுப்பினார்கள். அவர் அடுத்த நாளே மகளுக்குப் போன் செய்தார். குரலும் டிரம்ஸில் இருக்கும் சிம்பல் தட்டுகளும் ஊசியாகக் குத்துகின்றன, நாலாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கம், அதாவது கூரிய சத்தங்கள் கேட்கும் இடத்தில், யாரோ அளவில்லாமல் ஏற்றிவிட்டிருக்கிறார்கள், இதை இப்படியே வெளியிடக்கூடாது என்றார். தானே இறக்கிச் சரிசெய்து இன்னொரு பிரதி அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை ஹாலில் இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார்கள். பெங்களூர்ப் பிரதி ஓடும்போது மகள் முகம் தெளிந்தது. டிரம்ஸ்காரன் தலையாட்டினான். பேஸ்காரன் கட்டைவிரலைக் காட்டினான். எனக்கு மறுபடியும் பழைய ஒத்திகைபோலவே இருந்தது. குரல் இருந்தது, சொல் இல்லை.

"குரல் மேல கம்பளியப் போட்டு மூடிட்டான்யா," என்றான் மச்சான். "ஒரு வார்த்த வெளிய வருதா?"

"எல்லாமே வருது மாமா," என்றாள் மகள். "நீங்க பண்ணதுலதான் குத்துது."

"எங்க குத்துது? யாருக்குக் குத்துது?"

டிரம்ஸ்காரன் சங்கடத்தோடு சொன்னான்: "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. கிவிக்குள்ள ஊசி விட்ட மாதிரி இருக்கு." அவனுக்கு அவசரத்தில் காது எப்போதும் 'கிவி'தான்.

"உனக்கு ரோசாச் செடிகிட்ட இருந்து இருந்து காது பூவாயிடுச்சு." மச்சான் கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். "மூணு மாசம் வேல செஞ்சிருக்கேன். எவனோ ஒரு மணி நேரத்துல திருத்துவானாம். அவன் பண்ணத வெளியிடறதா இருந்தா என்னை விட்டுருங்க. வேற கிடார் ஆளப் பாத்துக்குங்க."

மகள் என்னிடம் வந்து கேட்டாள். நல்ல முறையில் வெளியிட்டால் மாமா போய்விடுவார்; மாமாவைத் தக்கவைத்தால் ஆல்பம் கெட்டுவிடும். என்ன செய்வது? எனக்கு மச்சானுடைய பிரதிதான் பிடித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இங்கே நான்கு பேர் ஒன்று சொல்கிறார்கள், என் மனைவியையும் சேர்த்து. நானும் அவனும் மட்டும் வேறு சொல்கிறோம். எங்கள் இருவருக்கும் பொதுவானது என்ன என்ற கேள்வி அப்போதே எனக்குள் வந்துவிட்டது. பதிலைப் பார்க்கத்தான் தைரியமில்லை.

திங்கட்கிழமை மச்சான் தன் பிரதியை பென் டிரைவில் போட்டு, பேரிகை ஊரிலிருந்து வரும் எங்கள் கம்பெனி பஸ் டிரைவரிடம் கொடுத்தான். "ஜனங்க சொல்லட்டும் மாமா," என்றான்.

எங்கள் பஸ்ஸில் இடம் என்பது எழுதாத சட்டம். முன்னால் ஆபீஸ், லேப், ஸ்டோர்ஸ் ஆட்கள். பின்னால் பிரஸ் ஷாப். இரண்டு பக்கமும் வேலை செய்தவன் என்பதால் நான் நடுவில் உட்காருவேன். பாட்டு தொடங்கியது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் முன்சீட்டிலிருந்து அக்கவுண்ட்ஸ் பெண் கத்தினாள்.

"அண்ணே, கொறைங்கண்ணே! காலங்காத்தால மண்ட இடிக்குது!"

டிரைவர் குறைத்தார். உடனே பின்சீட்டிலிருந்து குரல்கள்.

"ஏம்ப்பா, யாரு கை வச்சது?"

"ஏத்துய்யா! நல்லா போயிட்டிருந்துச்சு."

"நீ வேணா எறங்கி நடந்து வாம்மா, சிப்காட் கிட்டதான்."

டிரைவர் ஏற்றினார். முன்னால் நான்கு பேர் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் ஐம்பதை நெருங்கிய ஒரு பிரஸ்காரர் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் பஸ்ஸில் எப்போதும் தூங்குகிறவர்.

"யாரு சார் இந்தப் பொண்ணு?" என்று என்னைக் கேட்டார். மகள் என்று நான் சொல்லவில்லை. "பாட்டெல்லாம் கேட்டு வருசமாச்சு சார். இப்பல்லாம் பாட்டுல வார்த்தையே வைக்கறதில்லன்னு நெனச்சேன். இந்தப் பொண்ணு எங்கிட்டயே பேசற மாதிரி பாடுது."

வியாழக்கிழமைக்குள் பின்சீட்டுகள் நான்காவது பாட்டை முழுதாகப் பாடின. ஒருவர் பெண் குரலில் கேள்வி கேட்க, மற்றவர்கள் சேர்ந்து 'ம்' என்றார்கள். "எங்க வூட்டு நடப்ப இந்தப் பொண்ணு எப்டிய்யா எழுதுச்சு?" என்று ஒருவர் கேட்டதற்கு, "உன் பொண்டாட்டி போன் பண்ணிச் சொல்லியிருக்கும்," என்றார் இன்னொருவர். நான் நாட்குறிப்பில் சீட்டு வரிசையை வரைந்து, யார் காதைப் பொத்தினார்கள், யார் பாடினார்கள் என்று குறித்தேன். கோடு போட்டதுபோலப் பஸ் இரண்டாகப் பிரிந்திருந்தது. ரசனை இவ்வளவு நேராக, துறைவாரியாகப் பிரியாது.

எங்கள் அறையில் துளையைச் சோதிக்க உருளை கேஜ்கள் உண்டு. நாள்பட்டால் அவை தேய்ந்து மெலியும். மெலிந்த கேஜ், சிறிதாகிப்போன துளைக்குள்ளும் நுழைந்துவிடும். நாமும் துளை சரி என்று எழுதிவிடுவோம். ஆகவே பொருளில் தவறு வந்தால் முதலில் கேஜைச் சோதி என்பது விதி. பிரஸ் சத்தத்தில் தேய்ந்த மச்சானின் காது அந்த கேஜ். அதற்குக் கேட்காததை அது கேட்கும்வரை ஏற்றியிருக்கிறான். அதே அளவு தேய்ந்த காதுள்ள எல்லோருக்கும் அது சரியாகப் பொருந்தியது. எனக்கும்தான்.

சனிக்கிழமை மதியம் ஹாலில் ஐந்து பேரும் இருக்கும்போது சொன்னேன். மச்சான் தன் கேபிள்களை எடுத்துப்போக வந்திருந்தான். வேன் கதை, கையைப் பார்க்கும் கதை, பதினேழு 'நார்மல்' எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாமா, நீங்க செவிடுன்னா நீங்க சொல்லிக்குங்க. என்னை ஏன் இழுக்கறீங்க?"

"வரிசைல எனக்குப் பின்னாடி நின்னவன் நீதான மாப்ள. உனக்குக் கையக் காட்டிக் குடுத்ததே நான்தான்."

"எனக்கு நல்லாவே கேக்குது. வேணும்னா இப்பவே பாருங்க."

டிரம்ஸ்காரனிடம் மணல் போட்ட முட்டை மாதிரி ஒரு சிறு ஷேக்கர் இருந்தது. நானும் மச்சானும் சுவரைப் பார்த்து நின்றோம். அவன் பத்தடி பின்னால் நின்று ஆட்ட வேண்டும்; கேட்டால் நாங்கள் கையைத் தூக்க வேண்டும். சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பைத் தவிர வேறொன்றும் இல்லை, பார்ப்பதற்கு ஒரு கையும் இல்லை. நான் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. பக்கத்தில் மச்சான் கையைத் தூக்கினான். இறக்கினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கினான்.

நான் திரும்பிப் பார்த்தேன். டிரம்ஸ்காரன் ஷேக்கரை ஏற்கெனவே பெஞ்சின்மேல் வைத்துவிட்டிருந்தான். அவன் இரண்டு கையும் சட்டைப்பையில் இருந்தன. மச்சானின் கை இன்னும் மேலேயே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மச்சானும் திரும்பினான், பார்த்தான், கையை இறக்கினான். போய் ஆம்ப்ளிஃபையர் மேல் உட்கார்ந்தான்.

"பெங்களூர்க்காரன் பண்ணதயே போட்ருங்க," என்றான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. பேக்கிங்ல போட்ருவாங்க."

மகள் என்னைப் பார்த்தாள். "எத்தன வருசமாப்பா இப்படி?"

"சரியாத் தெரியல. ரிக்கார்டு இல்ல."

"உங்ககிட்டயா ரிக்கார்டு இல்ல?"

நான் பஸ் சீட்டு வரைபடத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பின்சீட்டில் யார் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். நான் ஒவ்வொருவரும் எத்தனை வருடம் பிரஸ்ஸில் இருக்கிறார் என்று சொன்னேன். பிறகு அவள் டிரம்ஸ்காரனிடம் கேட்டாள்: "மாமா பண்ணதையே விட்டா உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குமா?"

அவன் யோசித்தான். "குத்தும். ஆனா குத்துனா நான் சவுண்டக் கொறச்சுக்கலாம். பெங்களூர்ல பண்ணதக் குடுத்தா பின்சீட்டுக்காரங்க என்ன பண்ணுவாங்க? எவ்வளவு ஏத்தினாலும் வார்த்த வராதே."

மகள் பெங்களூருக்குப் போன் செய்து, பழைய பிரதியே போகட்டும் என்றாள். அவர் அரைமணி நேரம் வாதாடினார். கடைசியில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அது நியாயம்தான்.

ஆல்பம் இணையத்தில் வந்தது. 'குரல் கீச்சென்று இருக்கிறது', 'கலவை சரியில்லை' என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது தவறில்லை. ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறையிலிருந்து ஒருவர், பல வருடம் கழித்து ஒரு பாட்டை வரி வரியாகக் கேட்டதாகக் குரல்செய்தி அனுப்பியிருந்தார். சேலத்து விசைத்தறிக்காரர் ஒருவர், இதைத் தறி ஓடும்போதே கேட்க முடிகிறது என்று எழுதினார். குவாரி, ஜெனரேட்டர் அறை, மாவுமில் என்று வேலையைச் சொல்லித்தான் பலர் தொடங்குகிறார்கள். யாரும் காதைப் பற்றி எழுதவில்லை. 'எங்களுக்காகப் பாடின மாதிரி இருக்கு' என்றுதான் எழுதுகிறார்கள்.

என் கணக்குக்குப் பொருந்தாதவர்களையும் சொல்ல வேண்டும். தளியில் முட்டைக்கோஸ் பயிரிடும் ஒரு பெண், எந்த மெஷின் அருகிலும் போகாதவர், நான்காவது பாட்டைத் தன் மாமனாருக்குப் போட்டுக் காட்டியதாக எழுதியிருந்தார். முன்சீட்டு அக்கவுண்ட்ஸ் பெண்ணும் இப்போது அதை முணுமுணுக்கிறாள், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. ஆகவே எல்லாவற்றுக்கும் நாலாயிரம் ஹெர்ட்ஸ்தான் காரணம் என்று நான் எழுத மாட்டேன். பதில் வராத வீடுகள் பிரஸ் ஷாப்காரர்களுக்கு மட்டும் சொந்தமல்ல.

இந்த ஆண்டு வேன் வந்தபோது எனக்கு முன்னால் மச்சான் நின்றான். அவன் உள்ளே போனான். வெளியிலிருந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். தலையைக் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோதனை செய்பவரின் கை பலமுறை அசைந்தது. மச்சானின் கட்டைவிரல் அசையவில்லை. அடுத்து நான் போய்க் கண்ணை மூடிக்கொண்டேன். சோதனைச் சீட்டில் எங்கள் இருவர் கோடும் நாலாயிரத்துப் பக்கம் ஒரே இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது.

அவனை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இரண்டு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் பஸ்ஸில் வந்து நடுவில், என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அங்க ஒரே தொல்ல மாமா. சூப்பர்வைசர் திட்டறதெல்லாம் கேக்குது."

வீட்டில் மகள் இப்போது எதையும் எனக்கு எதிரில் வந்து நின்றுதான் சொல்கிறாள். எனக்குப் பிடிபடவில்லை என்றால் 'ம்' சொல்லாமல், இன்னொரு தடவை சொல்லு என்கிறேன். சில சமயம் மூன்று தடவை. அவளுக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும்.

அளவுக்கருவி அறையில் தவறான பதிவை அழிக்கக்கூடாது, தாளைக் கிழிக்கவும் கூடாது. தவறின்மேல் ஒரே ஒரு கோடு. பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் கையொப்பமும் இட வேண்டும். பதினேழு 'நார்மல்'களையும், அதற்குப் பிறகு எழுதிய ஆறையும் அப்படித் திருத்தினேன். பிறகு மகள் வேலையை விட்ட நாளின் பக்கத்தை எடுத்தேன். 'யாரையும் கேட்கவில்லை' என்பதன்மேல் கோடு போட்டு, 'என்னைக் கேட்டாள்' என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டேன்.